நான்கு மணிக்கே மூடி வைத்த பாஸ்தா

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து வந்து 15 ஆண்டுகளாக சிசிலியின் பலெர்மோ நகரில் வாழ்கிறோம். இலையுதிர் காலத்தில் பல்லாரோ சந்தைக்குப் பச்சைக் காலிஃபிளவர் வந்ததும், 17 வயது மகன் ஆசைப்படுகிறானே என்று இந்த ஊர்க் காலிஃபிளவர் பாஸ்தாவைச் செய்கிறேன். நண்பன் வீட்டில் இரண்டு தட்டுச் சாப்பிடுகிறவன், நான் செய்ததைக் கூழ் என்று ஒதுக்குகிறான். மாலை வேலை இருப்பதால் 4 மணிக்கே செய்து மூடி வைப்பேன். அம்மா, கணவர், மகன் மூவரும் அவரவர் நேரத்தில் சூடாக்கிக்கொள்வார்கள். 9 மணிக்கு நான் வந்து, மிஞ்சியதை அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் படுப்பேன். பால் சேர்த்தால் சரியாகுமா? சீஸ் கூட்டலாமா?

பதில்: பாலும் வேண்டாம், சீஸும் வேண்டாம். "அடுப்படியில் நின்றபடியே" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அதைத்தான். மூன்று பேருக்குச் சமைத்து வைத்துவிட்டு வேலைக்கும் போய்க் களைத்து வருகிறவர் சட்டியின் அடியைச் சுரண்டிக்கொண்டு நிற்கிறார். வளர்ந்த பிள்ளை அடுத்த அறையில் இருக்கிறான். இதை நீங்கள் ஒரு குறையாகக்கூடச் சொல்லவில்லை என்பதுதான் எனக்குக் கோபத்தைத் தருகிறது. இந்தக் கடிதத்தை நான் பலமுறை படித்துவிட்டேன். ஊரின் பெயரும் சட்டியில் இருப்பதும் மட்டுமே மாறுகின்றன.

பலெர்மோக்காரர்கள் இந்தப் பாஸ்தாவை 'அர்ரிமினாத்தி' என்கிறார்கள். கிளறியது என்று பொருள். கிளறிய சூட்டோடு தட்டுக்கு வர வேண்டிய உணவு அது. வெந்த பாஸ்தா சாற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் என்பதால், சில மணி நேரம் மூடிக் கிடந்தால் ஊதிக் குழைந்துவிடும். அந்த நண்பன் வீட்டில் எல்லோரும் மேசைக்கு வரும் நேரம் பார்த்துத்தான் பாஸ்தாவைக் கொதிநீரில் போட்டிருப்பார்கள்.

ஆகவே 4 மணிக்குக் கலவையை மட்டும் செய்யுங்கள். ஒரு கிலோ காலிஃபிளவரை உப்பு நீரில் நன்றாகக் குழைய வேகவிட்டு அரித்தெடுங்கள். அந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள், பாஸ்தா வேக வேண்டியது அதில்தான். ஒலிவ் எண்ணெயில் ஒரு வெங்காயத்தை வதக்கி, எண்ணெயில் ஊறிய நெத்தலித் துண்டுகள் ஐந்தாறு போட்டால், அவை கரைந்து இருந்த இடம் தெரியாமல் போகும். பிறகு உலர் திராட்சையும் பைன் கொட்டையும் ஒவ்வொரு கைப்பிடி, வெந்நீரில் கரைத்த குங்குமப்பூ ஒரு சிட்டிகை, கடைசியில் காலிஃபிளவர். மரக்கரண்டியால் மசிய மசியக் கிளறி இறக்கிவிட்டு வேலைக்குப் போங்கள்.

மீதி வேலை உங்களுடையது அல்ல. நீங்கள் வீடு திரும்பும் நேரத்துக்கு மகன் அந்த நீரைக் கொதிக்கவிட்டு, நீங்கள் வந்ததும் 400 கிராம் புக்கத்தீனியை (நடுவில் துளையுள்ள நீளப் பாஸ்தா) போட்டு, பொதியில் குறித்துள்ள நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே எடுத்து, ஓர் அகப்பை நீருடன் கலவையில் சேர்த்துக் கிளற வேண்டும். ரொட்டித்தூளைச் சிறிது எண்ணெயில் பொன்னிறமாக வறுப்பதை அம்மாவிடம் விடுங்கள். சீஸ் வாங்க வசதியில்லாத சிசிலிய வீடுகளில் அதற்குப் பதிலாகத் தூவியது இதைத்தான். ஒடியல் கூழ் துழாவிய கைக்கு இது ஒரு வேலையா? கணவர் மேசையைத் துடைத்து நான்கு தட்டுகளை வைக்கட்டும்.

அதுவரை பசி தாங்க மாட்டார்கள் என்பீர்கள். அந்த ஊரில் பல வீடுகளில் இரவு உணவே 9 மணிக்குத்தான். அம்மாவுக்கு 6 மணிக்குத் தேநீரும் கடிக்க ஏதாவதும் கொடுத்தால் போதும். வீட்டில் ஒருவர் இன்னும் திரும்பவில்லை என்றால் மற்றவர்கள் காத்திருப்பது கடமை என்றே நான் நம்புகிறேன். அந்தக் கடமையைப் பிள்ளைக்குச் சொல்லித் தராமல் விட்டவர் நீங்கள்தான். இந்த வாரமே சொல்லுங்கள், கெஞ்சாமல் சொல்லுங்கள்.

பாஸ்தா மிஞ்சினால் மறுநாள் ரொட்டித்தூள் தூவி, மேற்புறம் மொறுமொறுப்பாகும் வரை ஓவனில் வையுங்கள். அதையும் உட்கார்ந்தே சாப்பிடுங்கள்.