அன்டிபயோட்டிக் பூசிய ஆணி வைத்தால் சீழ் பிடிக்காதா?

கேள்வி: அப்பாவுக்குக் கால் எலும்பு முறிந்து உள்ளே ஆணி வைக்கப் போகிறார்கள். கிருமி பிடிக்காமல் மருந்து பூசிய ஆணி இருக்கிறதாமே, கூடுதல் காசு கொடுத்து அதை வாங்கலாமா?

மட்டக்களப்பில் எலும்பு முறிவு வார்டில் வேலை செய்யும் தாதி நான். தோல் கிழியாத முறிவு, சீனி வருத்தமும் இல்லை என்றால் அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள்.

உடம்புக்குள் அந்நியப் பொருள் போனால் கிருமிக்குக் கொண்டாட்டம். 1957இல் எலெக், கோனன் என்ற இருவர் தன்னார்வலர்களின் தோலில் சோதித்துப் பார்த்தார்கள். சும்மா தோலில் சீழ் வைக்கப் பத்து இலட்சத்துக்கும் மேல் ஸ்டாபிலோகாக்கஸ் கிருமிகள் தேவைப்பட்டன. தோலுக்குள் ஒரு தையல் நூலும் இருந்தபோது நூறளவே போதுமாக இருந்தது. நூலுக்கே இப்படி என்றால், சாண் கணக்கில் நீளமான ஆணியைச் சொல்லவா வேண்டும்? ஒட்டிய கிருமி தன்னைச் சுற்றி வழுவழுப்பான படலம் கட்டிக்கொண்டால், ஊசி மருந்துக்கு லேசில் அசையாது.

விதைத்த வயலில் நெல் முந்தினால் களை அடங்கும். அதுபோல உடம்பின் செல்கள் முதலில் உலோகத்தைப் பிடிக்க வேண்டும். அதற்கு நேரம் வாங்கிக் கொடுப்பதுதான் பூச்சின் வேலை. ஜென்டாமைசின் என்ற அன்டிபயோட்டிக் பூசிய ஆணியில் மருந்தின் பெரும்பகுதி முதல் சில நாட்களிலேயே வெளியேறிவிடும். மாதங்கள் கழித்து இரத்தத்தில் வரும் கிருமியை அது தடுக்காது. (விற்கிறவர் இதை விளக்க மாட்டார்.) வெள்ளிப் பூச்சும் உண்டு, பெரும்பாலும் புற்றுநோய்க்காக எலும்பை வெட்டி எடுத்த இடத்தில் வைக்கும் பெரிய செயற்கை எலும்புகளில்.

லேண்ட்மாஸ்டரில் (இரு சக்கர உழவு இயந்திரத்தில்) அகப்பட்டு எலும்பு வெளியே தெரிய, வயல் சேறும் உள்ளே போன கால் என்றால் கதை வேறு. முன்பு சீழ் பிடித்து ஆணி கழற்றிய காலும் அப்படித்தான். அங்கே மருந்து பூசிய ஆணியை சர்ஜன் கேட்டால் யோசிக்காமல் வாங்குங்கள். ஆனாலும் காயத்தை நன்றாகக் கழுவி, செத்த சதையை வெட்டி எடுக்காவிட்டால் எந்தப் பூச்சும் உதவாது.

அப்பா சுருட்டுக் குடிப்பவரா? இப்போதே நிறுத்தச் சொல்லுங்கள், அது செலவில்லாத வைத்தியம். சத்திரசிகிச்சைக்கு முந்திய ஒரு மணி நேரத்துக்குள் அன்டிபயோட்டிக் ஊசி போடுவார்கள், அதுவும் முக்கியம்.

அப்புறம், வீட்டுக்குப் போனபின் காயத்தில் நீர் கசிந்தால் பாமசியில் குளிசை வாங்கிக் கொடுக்காதீர்கள், நேரே வைத்தியசாலைக்குக் கூட்டி வாருங்கள். அரைகுறையாக மருந்து குடித்துவிட்டு வந்தால் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துக் கண்டுபிடிக்கும் பரிசோதனையில்) கிருமி பிடிபடாமல் போகலாம். பிறகு எந்த மருந்து கொடுப்பதென்று டொக்டரும் திண்டாடுவார்.