இறாலா, மாத்திரையா?

அக்கா, உங்கள் வீட்டுக்காரர் இறால் தொக்கு சாப்பிட்டு, முதுகு வலிக்கு டைக்ளோஃபினாக் போட்டு, அரைமணி நேரத்தில் உதடு வீங்கி மூச்சு இரைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். "இருபது வருஷமா இறால் சாப்பிடுறவர், அதனால இருக்காது" என்பதை மட்டும் நம்பாதீர்கள். இறால், நண்டு ஒவ்வாமை நாற்பது வயதிலும் புதிதாக வரும்.

நான் கேஷுவால்டியில் நர்ஸாக இருந்தவள். ஒவ்வாமையோடு வருவது குழந்தை என்றால் பால், முட்டை, வேர்க்கடலை, முந்திரி என்று கேட்போம். பெரியவர்களிடம் முதல் கேள்வியே மாத்திரைதான்: வலி மாத்திரை, அமாக்சிசிலின் மாதிரி ஆன்டிபயாடிக். அப்புறம் குளவி, தேனீ. உங்கள் விஷயத்தில் இறாலும் மாத்திரையும் கூட்டுச் சேர்ந்திருக்கலாம். வலி மாத்திரை உணவு ஒவ்வாமையைக் கிளப்பிவிடும். மதுவும், சாப்பிட்ட கையோடு ஓடுவதும் அப்படித்தான்.

ஒவ்வாமை டாக்டரைப் பார்க்கும்வரை இறால், நண்டு, டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் எதுவும் வேண்டாம். இதயத்துக்கு ஆஸ்பிரின் எடுப்பவர் என்றால் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். "ஒரே ஒரு இறால் தின்னு பார்க்கலாம்" என்ற வீட்டுச் சோதனை வேண்டவே வேண்டாம். தோல் பரிசோதனை பொதுவாக நாலைந்து வாரம் கழித்துத்தான் செய்வார்கள். உடனே செய்தால் தப்பாக 'இல்லை' என்று காட்டலாம். மாத்திரை அட்டையை எடுத்து வையுங்கள். மெடிக்கலில் கத்தரித்துத் தந்த துண்டில் பெயர் இல்லையென்றால் அந்தக் கடையிலேயே எழுதி வாங்குங்கள்.

மறுபடி வந்தால் செட்ரிசின் என்ற அலர்ஜி மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். உயிர் காப்பது தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான். 108-ஐ அழையுங்கள், படுக்க வையுங்கள். மூச்சு திணறினால் உட்காரட்டும், ஆம்புலன்ஸ் வரை நடத்திக் கூட்டிப் போகாதீர்கள்.