மீன் வண்டிக்கு எந்த எஞ்சின்? – வாகனப் பகுதி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: புதுவண்ணாரப்பேட்டையில் வசிக்கிறேன். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை ஏலத்தில் எடுக்கும் மீனை ஐஸோடு ஏற்றிக்கொண்டு போய் மாதவரம், செங்குன்றம் கடைகளுக்குப் போடுவது என் தொழில். 2009ஆம் ஆண்டு வாங்கிய டீசல் பிக்கப் வண்டி இன்றும் நாள் தவறாமல் ஓடுகிறது. ஒரு வருடமாக இழுவை குறைந்துவிட்டது. மூலக்கடை மேம்பாலம் ஏற இரண்டாவது கியருக்கு இறங்க வேண்டியிருக்கிறது. ஆயிலும் குடிக்கிறது. வேறு கம்பெனியின் டர்போ காமன் ரெயில் எஞ்சினை அதன் ஐந்து கியர் பாக்ஸோடு புதுப்பேட்டை பழைய உதிரிபாகக் கடையில் எடுத்துப் பொருத்திவிடலாம் என்கிறார் பட்டறைக்காரர். என் மைத்துனரோ வண்டியைக் காயலான் கடைக்குப் போட்டுவிடச் சொல்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு கம்பெனி எஞ்சின் வேண்டாம். இப்போது இருக்கும் எஞ்சினையே, அதன் எண் பொறித்த பிளாக்கை, அதாவது எஞ்சினின் உடற்பகுதியை, மாற்றாமல், முழுமையாகப் பிரித்துத் தேய்ந்த பாகங்களை மாற்றி ஓவர்ஹால் செய்யுங்கள். ஆனால் அந்த வேலையில் கை வைப்பதற்கு முன், இழுவை உண்மையில் எங்கே தொலைகிறது என்று கண்டுபிடித்தாக வேண்டும். எஞ்சினில் பிறக்கும் விசை கிளட்ச், கியர் பாக்ஸ், அதிலிருந்து பின்னால் போகும் நீள் தண்டான பிராப்பல்லர் ஷாஃப்ட், விசையைச் சக்கரங்கள் பக்கம் திருப்பும் பல்சக்கர இணையான கிரௌன் பினியன், ஆக்சில் என்று கைமாறிக் கைமாறித்தான் சக்கரத்துக்கு வருகிறது. இந்தத் தொடரில் எந்தக் கண்ணி தளர்ந்தாலும், ஓட்டுநரின் வாயிலிருந்து வரும் புகார் ஒன்றேதான்: "வண்டி இழுக்கவில்லை."

கிளட்சிலிருந்து தொடங்குங்கள். சமதளத்தில் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை இறுக்கி, மேல் கியரில் போட்டு கிளட்சை மெதுவாக விட்டால் எஞ்சின் உடனே நின்றுபோக வேண்டும். நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது என்று பொருள். மேம்பாலத்தில் நீங்கள் பட்ட பாட்டுக்கு அதுவே பாதிக் காரணமாக இருக்கலாம். அடுத்து ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், டீசலைத் தெளிக்கும் நாசில் ஆகியவற்றைப் பாருங்கள். கரும்புகை என்றால் காற்று போதவில்லை, அல்லது டீசல் அளவுக்கு மீறிப் பாய்கிறது. நீலப்புகையும், எஞ்சினின் மூச்சுக்குழாயான பிரீத்தரில் விட்டுவிட்டு ஊதும் ஆவியும் பிஸ்டன் ரிங், சிலிண்டரின் உள்சுவரான லைனர் ஆகியவற்றின் தேய்மானத்துக்கு அடையாளங்கள். ஆயில் குடிக்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதால் இந்த இரண்டாவது வகைதான் என்று ஊகிக்கிறேன். ஆயினும் நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன், அதாவது உள்ளே எழும் அழுத்தம், அளக்காமல் எஞ்சினைப் பிரிக்க விடாதீர்கள். அளவு ஒட்டுமொத்தமாகக் குறைந்திருந்தாலோ, ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்கு மேல் வேறுபட்டாலோ ஓவர்ஹால் தேவை. நன்றாக இருந்தால் டீசல் பம்பையும் கிளட்சையும் சரிசெய்வதோடு செலவு முடிந்துவிடும்.

இனி பட்டறைக்காரரின் யோசனைக்கு வருவோம். புகையின் விசையால் சுழன்று கூடுதல் காற்றை எஞ்சினுக்குள் அழுத்துவது டர்போ; அது உள்ள எஞ்சினுக்குத் திறன் அதிகம் என்று அவர் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் அந்தத் திறன் உங்கள் பாதையில் உங்களுக்குக் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. ஒரு கணக்குப் போடுவோம். டயரின் சுற்றளவு 2.2 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய 667 மீட்டர் போகிறது. சக்கரம் சுமார் 303 முறை சுற்றுகிறது. கிரௌனில் 41 பல்லும் பினியனில் 10 பல்லும் இருந்தால் விகிதம் 4.1, எஞ்சினும் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றும் நேர் விகிதமான நான்காவது கியரில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 1,240 சுற்று சுற்றும். ஐந்தாவது கியரின் விகிதம் 0.8 என்றால் சுற்று ஆயிரத்துக்கும் கீழே இறங்கிவிடும். பெரும்பாலான டர்போக்கள் ஏறக்குறைய 1,500 சுற்றுக்குக் கீழே உருப்படியாகக் காற்றை அழுத்துவதில்லை. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எண்ணூர் நெடுஞ்சாலையில் ஊர்ந்து, திருவொற்றியூர் வளைவுகளில் நின்று நின்று போகும் வண்டிக்கு ஐந்தாவது கியர் பண்டிகை வேட்டி மாதிரி. பெட்டியை விட்டு வெளியே வரும் நாள் குறைவு.

உங்கள் வண்டியின் விகிதத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம். பின்சக்கரங்கள் இரண்டையும் தரையிலிருந்து தூக்கி, உறுதியான ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, இரு சக்கரங்களையும் சேர்த்து ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். அதற்குள் பிராப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுவே விகிதம். ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கிச் சுற்றினால் இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரென்ஷியலின் இயல்பால் பாதி எண்ணிக்கைதான் காட்டும். இதில் அனுபவசாலிகளே ஏமாந்து நான் பார்த்திருக்கிறேன்.

கணினி கட்டுப்பாட்டில் டீசலை உயர் அழுத்தத்தில் தெளிக்கும் காமன் ரெயில் எஞ்சின் தனியாக வருவதும் இல்லை. கணினிப் பெட்டி, வயரிங், சென்சார்கள், மின்னணு ஆக்சிலரேட்டர் என்று ஒரு குடும்பமே கூட வரும். ஆயிரம் பாருக்கு (ஒரு பார் ஏறக்குறைய வளிமண்டல அழுத்தம்) மேற்பட்ட அழுத்தத்தில் டீசலைத் தள்ளும் அந்த அமைப்பு, நீரோ தூசியோ கலந்த டீசலைப் பொறுத்துக்கொள்ளாது. கடற்காற்றும் மீன்பெட்டியின் உப்புத் தண்ணீரும் படும் வண்டியில் வயர் கனெக்டர்கள் பச்சை பூத்துப்போவது அன்றாடக் காட்சி. உங்கள் பழைய எஞ்சினின் மெக்கானிக்கல் பம்புக்கு இந்தத் தொல்லை இல்லை. மேலும் கியர் பாக்ஸின் நீளம் மாறினால் பிராப்பல்லர் ஷாஃப்டை வெட்டி ஒட்டி பேலன்ஸ் பார்க்க வேண்டும். இரு முனையிலும் ஷாஃப்டின் மூட்டான யூ.ஜே. கிராஸின் கோணம் ஒத்துப்போகாவிட்டால் அதிர்வு நிற்கவே நிற்காது. கூடுதல் முறுக்குவிசையைத் தாங்கும்படி உங்கள் பின் ஆக்சில் வடிவமைக்கப்படவும் இல்லை.

இவை எல்லாவற்றையும் சமாளித்தாலும் சட்டம் குறுக்கே நிற்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டில் வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது. அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க அது வழிசெய்கிறது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் எஞ்சின் எண்ணைத்தான் ஒப்பிட்டுப் பார்க்கும். பிளாக்கே உடைந்து, அதே தயாரிப்பு, அதே வகை எஞ்சின்தான் வேண்டும் என்ற நிலை வந்தால், முன்கூட்டியே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி பெற்று, மாற்றிய 14 நாட்களுக்குள் ஆர்.சி. புத்தகத்தில் பதியச் செய்யுங்கள். எஞ்சின் எண் எழுதிய ரசீது இல்லாத பழைய எஞ்சினை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், தொடாதீர்கள். அது திருட்டு வண்டியிலிருந்து வந்ததாக இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

ஓவர்ஹாலுக்கு மதிப்பீடு கேட்கும்போது மொத்தத் தொகையை மட்டும் கேட்காமல், வேலைகளைத் தனித்தனி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள்: லைனர், பிஸ்டன், ரிங்; கிராங்க் ஷாஃப்ட் கிரைண்டிங்கும் அதற்கேற்ற பேரிங்கும்; ஹெட்டில் வால்வு சீட் வேலை; ஆயில் பம்ப்; டீசல் பம்பும் நாசிலும் காலிபரேஷன். எஞ்சினும் கியர் பாக்ஸும் இறங்கியிருக்கும் அந்த நாட்களிலேயே கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றி, ஃபிளைவீலின் முகத்தையும் லேத்தில் சமன்செய்துவிடுங்கள். ரிலீஸ் பேரிங்கை மட்டும் மிச்சம் பிடித்தவர்கள் ஆறு மாதத்தில் மீண்டும் கியர் பாக்ஸை இறக்கிய கதைகள் ஏராளம்.

உங்கள் தொழிலில் உண்மையான எதிரி எஞ்சினுக்குப் பின்னால் இருக்கிறது. ஐஸ் உருகி வழியும் உப்புத் தண்ணீர் தளத்தின் இடுக்குகளில் இறங்கி யூ.ஜே. கிராஸ், சென்டர் பேரிங், ஸ்பிரிங் போல்ட் எல்லாவற்றையும் தின்கிறது. கிளப்பும்போது "டக்" என்று தட்டினால் கிராஸில் ஆட்டம். வேகம் ஏற்றும்போது ஒரு மாதிரியும் ஆக்சிலரேட்டரை விடும்போது வேறு மாதிரியும் ஊளையிட்டால் கிரௌன் பினியன். மழைக்காலத்தில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை போன்ற இடங்களில் அச்சுவரை தண்ணீரில் இறங்கியிருந்தால், ஆக்சிலின் பிரீத்தர் வழியே தண்ணீர் உள்ளே போயிருக்கும். சூடான ஆக்சில் குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி நீரை உறிஞ்சிக்கொள்கிறது. ஆயில் மோர் நிறத்தில் இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் மாற்றுங்கள். பின் ஆக்சிலுக்கு ஜிஎல்-5 தரத்திலுள்ள கியர் ஆயில்தான் வேண்டும். கியர் பாக்ஸுக்கும் அதையே ஊற்றிவிடாதீர்கள், சில ஜிஎல்-5 ஆயில்கள் உள்ளே இருக்கும் பித்தளை வளையங்களை அரிக்கும். உங்கள் வண்டிக் கையேடு சொல்லும் வகையையே கியர் பாக்ஸுக்கு வாங்குங்கள்.

மைத்துனர் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. எஞ்சினில் பணத்தைக் கொட்டுவதற்கு முன் சேசிஸை ஒரு சிறு சுத்தியலால் நீளம் முழுதும் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்க வேண்டிய இடத்தில் மொத்தென்று கேட்டு, துரு இதழ் இதழாக உதிர்ந்தால், மைத்துனர் சொல்வதே சரி. எட்டு வயது தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுச் சோதனை உண்டு, அழுகிய சேசிஸில் புது எஞ்சினை வைத்துக்கொண்டு அங்கே போய் நிற்பதில் பயன் இல்லை.

கேள்வி: எர்ணாவூரில் தண்ணீர் கேன் போடுகிறேன். என்னிடமும் பழைய டீசல் பிக்கப்தான் இருக்கிறது. எஞ்சினைக் கழற்றிவிட்டு மின்சார மோட்டாரோ சி.என்.ஜி.யோ பொருத்தலாமா?

பதில்: வேறு எரிபொருளுக்கு மாற்றச் சட்டம் இடம் தருகிறது; ஆனால் உங்கள் மாடலுக்கென்றே சோதித்து ஒப்புதல் பெற்ற கிட்டாக அது இருக்க வேண்டும். மின்சார மாற்றத்துக்கு ஏஐஎஸ்-123 என்ற தரநிலை இருக்கிறது. பட்டறையில் யாரோ சேர்த்துக் கட்டிய மோட்டாரும் பேட்டரியும் அதில் தேறாது. பேட்டரியின் எடை முழுவதும் நீங்கள் ஏற்றும் கேன்களின் கணக்கிலிருந்துதான் கழியும். ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு தருகிறேன்: 2022இல் அறிமுகமான டாடா ஏஸ் மின்வண்டியில் 21.3 கிலோவாட் மணி பேட்டரி. ஒரு சார்ஜுக்கு 154 கிலோமீட்டர் என்பது அதன் சான்றளிக்கப்பட்ட தூரம். தொடக்கத்திலிருந்தே மின்சாரத்துக்கென்று தயாரித்த சிறிய வண்டியின் கணக்கு இது. சுமையோடு நின்று நின்று ஓடினால் இன்னும் குறையும்.

சி.என்.ஜி. விஷயத்தில், டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். பிளக் வைத்து, 17, 18 என்றிருக்கும் அழுத்த விகிதத்தை 12 அளவுக்குக் குறைத்து எஞ்சினையே வேறாக்க வேண்டும். எரிவாயு சிலிண்டரை மூன்றாண்டுக்கு ஒருமுறை சோதனைக்கு அனுப்ப வேண்டும். பழைய வண்டிக்கு இரண்டையுமே நான் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் ஓட்டம் நாளொன்றுக்கு எண்பது கிலோமீட்டருக்குள் என்றால் கம்பெனி மின்வண்டி ஒன்றை ஓட்டிப் பார்த்து முடிவெடுங்கள்.

கேள்வி: ஓவர்ஹால் முடிந்த வண்டியில் முதல் நாளே முழுச் சுமை ஏற்றலாமா? – மணலி வாசகர்

பதில்: கூடாது. முதல் ஆயிரம் கிலோமீட்டர் பாதிச் சுமை போதும். ஒரே வேகத்தில் ஓட்டாமல் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். கிளப்பிவிட்டு நெடுநேரம் ஐடிலில் விடுவதையும் தவிருங்கள், ரிங் லைனரோடு படியாமல் போகும். பிறகு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றும்போது பழைய ஃபில்டரை அறுத்துப் பாருங்கள். மிக நுண்ணிய இரும்புத் தூள் இருந்தால் பயமில்லை. தகடு தகடாகப் பளபளத்தால் அதை ஒரு பொட்டலத்தில் கட்டிக்கொண்டு, வண்டியை மேற்கொண்டு ஓட்டாமல், வேலை செய்த பட்டறைக்காரரை வரச் சொல்லுங்கள்.