இறால் மேஜைக்கு மேல் கேமரா

கேள்வி: இறால் கம்பெனியில் தரம் பிரிக்கும் 18 பெண்கள் நாங்கள். ஆறு மாதமாக மேஜைக்கு மேலே கேமரா மாட்டி எங்கள் கைவேலையைப் படம் எடுத்தார்கள். இப்போது ஏஐ மெஷின் வந்துவிட்டது, 12 பேர் வேண்டாமாம். எங்களிடம் கற்றுக்கொண்டு எங்களையே அனுப்புவது நியாயமா?
- வாசகி, மண்டபம்

பதில்: நியாயமில்லை. ஆனால் படம் எடுத்ததற்குப் பங்கு கேட்க நேரடியான சட்டப் பிரிவு கிடையாது. கேமரா மாட்டும்போதே எழுதி வாங்கியிருக்க வேண்டும். (பக்கத்துக் கம்பெனியில் இன்னும் மாட்டவில்லை என்றால் சொல்லிவையுங்கள்.)

உங்களுக்குப் பிடிமானம் வேலைநாள் கணக்குதான். கடைசி 12 மாதத்தில் 240 நாள் வேலை செய்தவரை நிறுத்த, ஒரு மாத நோட்டீஸ் அல்லது அந்த மாதச் சம்பளம் தர வேண்டும். முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளமும் உண்டு. நாள் கூலி 400, எட்டு வருடம் என்றால் 120 நாளுக்கு 48,000 ரூபாய். ஐந்து வருடம் தாண்டியவருக்குப் பணிக்கொடை தனி. மீன்பிடித் தடைக்காலம் 61 நாளைக் காட்டி ‘240 தேறாது’ என்பார்கள். மீதி 304 நாள் இருக்கிறதே! சம்பளத்தோடு விட்ட லீவும் கணக்கில் சேரும். கிலோ கணக்கில் கூலி வாங்கினாலும் நீங்கள் தொழிலாளிதான். கூலிச் சீட்டு, பி.எஃப். கணக்கு, வருகைப் பதிவேட்டின் போட்டோ எல்லாவற்றையும் இப்போதே எடுத்து வையுங்கள். எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். கடைசியாகச் சேர்ந்தவர்தான் முதலில் போக வேண்டும் என்பது பொது விதி; காரணம் எழுதாமல் வயதானவர்களாகப் பார்த்துக் கழித்தால், ராமநாதபுரத்தில் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுங்கள்.

அடுத்து, மெஷினையும் சோதித்துப் பாருங்கள். அது ‘கிலோவுக்கு 40’ என்று பிரித்த தட்டிலிருந்து ஒரு கிலோ எடுத்து எண்ணுங்கள். 46 வந்தால் பொடி இறால் கலந்திருக்கிறது. ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும் இரண்டு இறாலைச் சில சமயம் ஒரே பெரிய இறாலாக எடுத்துக்கொள்ளும். ஐஸ் தண்ணீர் மினுங்கினால் கரும்புள்ளி தப்பிவிடும். ஓடு இளகியதா என்பது விரலால் அமுக்கினால்தான் தெரியும். லேசான வாடையோ கேமராவுக்கு எட்டவே எட்டாது. பத்து நாள், காலை ஒரு தட்டு, மாலை ஒரு தட்டு என்று சோதித்து, தேதி போட்டு எழுதுங்கள். தவறு கூடுதலாக இருந்தால் அந்த நோட்டோடு முதலாளியிடம் போய், மெஷினுக்குப் பின்னால் சரிபார்க்கும் மேஜைக்கு எத்தனை பேர், என்ன கூலி என்று கேளுங்கள். அந்த இடங்களை வெளியாட்களுக்குக் கொடுக்குமுன் உங்களைக் கூப்பிட வேண்டும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.