மறுபடியும் விசில் எடுக்கலாமா? குழந்தைகள் உள்ள ரெஃப்ரிகளின் கேள்விகளுக்குப் பதில்

நீலகிரியில் பல வருடமாகக் கால்பந்து ஆட்டங்களுக்கு நடுவராக நிற்கிறேன். பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது கொஞ்ச காலம் ஒதுங்கியிருந்து, பிறகு திரும்பி வந்தேன். அதே நிலையில் இருப்பவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். நல்ல ரெஃப்ரி கிடைக்காமல் பையன்கள் பூட்ஸ் போட்டுக்கொண்டு காத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் எல்லோரும் திரும்பி வர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

கோத்தகிரியிலிருந்து ஓர் அப்பா: அண்ணா, விசில் ஊதி ஏழெட்டு வருஷமாச்சு. பெரியவனுக்கு நாலு வயசு, சின்னவளுக்கு எட்டு மாசம். ஞாயித்துக்கிழமை மட்டும் போகலாம்னு பார்க்கிறேன். சரிவருமா?

சரிவரும் தம்பி. ஆனால் வீட்டில் முழுக் கணக்கையும் சொல்லுங்கள். ஆட்டம் 90 நிமிடம், இடைவேளை அதிகபட்சம் 15 நிமிடம். அதோடு முடிவதில்லை. ஊட்டி எச்.ஏ.டி.பி. மைதானத்துக்கு பஸ் பிடித்து, முன்னதாகவே போய் வலையையும் கோடுகளையும் பார்த்து, வார்ம்-அப் செய்து, ஆட்டம் முடிந்து ரிப்போர்ட் எழுதி வீடு திரும்பினால் பகல் போயிருக்கும். ‘ரெண்டு மணி நேரம்தான்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்பினால் சீக்கிரமே சண்டை வரும், அதில் நியாயம் வீட்டம்மா பக்கம்தான். அவருக்கும் வாரத்தில் அதே அளவு நேரம் தனக்கென்று கிடைக்கிற மாதிரி முதலில் பேசி முடிவு செய்யுங்கள்.

தொடக்கத்தில் உங்கள் ஊர் காந்தி மைதானத்திலேயே பள்ளிப் பையன்கள் ஆட்டமாகக் கேட்டு வாங்குங்கள். நேரமும் குறைவு, பயணமும் இல்லை. தடுப்பூசி நாள், வீட்டம்மாவின் ஷிஃப்ட், படுகர்களின் ஹெத்தை ஹப்பா பண்டிகை என்று வர முடியாத தேதிகளை மாதம் பிறக்கும் முன்பே ஆட்டங்களை ஒதுக்குபவரிடம் கொடுத்துவிடுங்கள். மைதானத்தில் வைத்து ‘அடுத்த வாரமும் வாங்க’ என்று கேட்டால் அங்கேயே தலையாட்ட வேண்டாம், வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். ஒத்துக்கொண்டு கடைசி நேரத்தில் வராமல் போவதுதான் பெயரைக் கெடுக்கும்.

அவரே: 2018-க்கு அப்புறம் விதிகள் நிறைய மாறிடுச்சாமே?

மாறிவிட்டன. புதிய விதிப் புத்தகத்தை முழுசாகப் படிக்காமல் மைதானத்தில் இறங்காதீர்கள். 2019-இல்தான் பெரிய மாற்றங்கள் வந்தன. கோல் கிக் இப்போது பெனால்டி பகுதியை விட்டு வெளியே போக வேண்டியதில்லை, உதைத்துப் பந்து நகர்ந்தாலே ஆட்டம் தொடங்கிவிடும். ஃப்ரீ கிக்கைத் தடுக்க மூன்று பேரோ அதற்கு மேலோ சுவராக நின்றால், உதைக்கும் அணியினர் அந்தச் சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பந்து உங்கள் மேல் பட்டு, அதனால் பந்து எதிரணி வசம் போனாலோ, நல்ல தாக்குதல் தொடங்கினாலோ, கோலே விழுந்தாலோ நிறுத்தி டிராப் பால் கொடுக்க வேண்டும், அதாவது நீங்களே பந்தைக் கீழே விட்டு ஆட்டத்தைத் தொடங்க வேண்டும். கோச்சுக்கும் கார்டு காட்டலாம்.

இன்னொன்று, 2025-இல் வந்தது. கோல்கீப்பர் பந்தை எட்டு நொடிக்கு மேல் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். கடைசி ஐந்து நொடியைக் கை தூக்கி எண்ணிக் காட்ட வேண்டும். பழைய ஆறு நொடி விதியில் இன்டைரக்ட் ஃப்ரீ கிக்தான் (நேராக உதைத்துக் கோல் அடிக்க முடியாதது). கைப்பழக்கத்தில் அதையே காட்டிவிடாதீர்கள்.

கோவையிலிருந்து ஊட்டிக்கு மாறி வந்தவர்: பத்து நிமிஷம் ஓடினாலே மூச்சு வாங்குது சார். கைக்குழந்தையால ராத்திரி தூக்கமும் இல்லை.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், கோவை 400 மீட்டர் சொச்சம். இங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றுதான் அதிகம், ஆக்சிஜனும் அதே கணக்குதான். சில வாரம் போனால் உடம்பு பழகிவிடும். அதுவரை வேகமாக ஓடாமல், கொஞ்சம் ஓடி, கொஞ்சம் நடந்து, மறுபடி ஓடுங்கள். ரெஃப்ரி உடற்தகுதித் தேர்வும் அந்த மாதிரிதான்: ஃபிஃபா அளவில் ஆண்கள் 75 மீட்டரை 15 நொடியில் ஓடி, 25 மீட்டரை 18 நொடியில் நடந்து, அதை 40 முறை செய்ய வேண்டும். நமக்கு அந்த வேகம் இப்போதே வேண்டாம், அந்த முறை போதும். சாலை இறக்கத்தில் ஓடிப் பயிற்சி செய்யாதீர்கள், முட்டி தாங்காது. குழந்தை தூங்கவிடாத இரவுக்கு மறுநாள் நடை மட்டும் போதும். தூக்கம் கெட்ட உடம்பில் ஸ்பிரிண்ட் அடித்தால் தொடைத் தசை பிடித்துக்கொள்ளும்.

குன்னூரிலிருந்து ஓர் அம்மா: சிசேரியன் ஆகி நாலு மாசம். திரும்ப வர ஆசையா இருக்கு அண்ணா. ஊரில் ஒரு மாதிரி பார்க்கிறாங்க.

கட்டாயம் வாங்க தங்கச்சி. ஆனால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். பிரசவத்துக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் ஓட்டம் வேண்டாம் என்பது பிசியோதெரபிஸ்டுகளின் பொதுவான அறிவுரை. அறுவை சிகிச்சை என்றால் இன்னும் கவனம் தேவை. ஓடும்போது சிறுநீர் கசிந்தாலோ, அடிவயிறு கனத்து இறங்குவது போலிருந்தாலோ உடனே நிறுத்திப் பிசியோவைப் பாருங்கள். வெட்கப்பட்டு மறைக்கக் கூடாத விஷயம் இது. பால் கொடுக்கிறவர் என்றால் கிளம்பும் முன் கொடுத்துவிட்டுப் போங்கள், இடைவேளையில் கொடுக்க ஓர் அறையை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். கேட்பது உங்கள் உரிமை.

பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். திண்டுக்கல்லைச் சேர்ந்த ரூபா தேவி ஃபிஃபா நடுவரானார். 2022 ஆண்கள் உலகக் கோப்பையில் ஜெர்மனி–கோஸ்டா ரிகா ஆட்டத்துக்கு விசில் ஊதியவர் ஸ்டெஃபானி ஃப்ராப்பார், மைதானத்தில் இருந்த மூன்று நடுவர்களும் பெண்கள்தான்.

கூடலூரிலிருந்து: ஆறு வயசுப் பையன் என்கூட வரணும்னு அடம்பிடிக்கிறான். கூட்டிட்டுப் போகலாமா?

அவனைப் பார்த்துக்கொள்ளப் பெரியவர் ஒருவர் கூட இருந்தால் மட்டும். உங்கள் கண் ஒரு நொடிகூட அவன் பக்கம் போகக் கூடாது. அப்புறம், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் போட்டிகளுக்கு வேண்டாம். நாடுகாணி தாண்டினால் செவன்ஸ் என்றாலே ஆவேசப்படும் கேரளாவின் மலப்புரம், அந்த ஆவேசம் கூடலூர் பக்கமும் இருக்கிறது. கூட்டம் அப்பாவைத் திட்டுவதை அந்த வயதில் கேட்டால் மனதில் தங்கிவிடும். பள்ளி ஆட்டத்துக்குக் கூட்டிப்போங்கள். யாராவது திட்டினால் வீட்டுக்கு வந்ததும் நீங்களே பேச்செடுத்து, ‘அவங்க டீம் தோத்த கோபம், எனக்கு ஒண்ணும் இல்லை’ என்று சொல்லுங்கள்.

ஊட்டியிலிருந்து: மூடுபனி இறங்கினா எப்ப நிறுத்துறது?

நடுக்கோட்டில் நின்று பார்த்தால் இரண்டு கோல் கம்பங்களும் தெரிய வேண்டும், ஒரு பக்கம் தெரியாவிட்டாலும் நிறுத்துங்கள். கொஞ்ச நேரம் காத்திருந்தும் விலகாவிட்டால் ஆட்டத்தைக் கைவிடலாம். போட்டி விதி வேறு சொல்லாதவரை, கைவிட்ட ஆட்டம் மறுபடி முதலிலிருந்து நடக்கும்.

குன்னூரிலிருந்து: பழைய விசிலே போதுமா?

உள்ளே குண்டு உருளும் விசில் என்றால் மாற்றுங்கள். நம் மழையிலும் குளிரிலும் ஈரம் ஏறிக் குண்டு சிக்கிக்கொள்ளும். ஃபாக்ஸ் 40 மாதிரி குண்டு இல்லாதது வாங்குங்கள். இரண்டாக வாங்கி, ஒன்றைப் பாக்கெட்டில் வைத்திருங்கள்.