லைவ் ராக்கில் 'டக் டக்' சத்தம்: கல்லைக் கொதிக்க வைக்கலாமா?

கேள்வி: ஹூஸ்டனில் வீட்டில் 40 கேலன் பவளத் தொட்டி வைத்திருக்கிறேன். புளோரிடாவிலிருந்து ஈரமாகவே வந்த லைவ் ராக்கை (கடலுயிர்கள் ஒட்டி வாழும் கல்) போட்டு மூன்று வாரம் ஆகிறது. நேரங்காலம் இல்லாமல் 'டக் டக்' என்று சத்தம். இரண்டு நத்தைகளைக் காணோம். ஒரு கல்லில் பழுப்பு நிறத்தில் குட்டிப் பூ மாதிரி நான்கைந்து முளைத்திருக்கின்றன. விளக்கை அணைத்தால் கல்லுக்கடியிலிருந்து ரோமம் வைத்த புழு ஒன்று எட்டிப் பார்க்கிறது. எல்லாக் கல்லையும் எடுத்து ஒரு கொதி விட்டால் தொல்லை தீருமா?

பதில்: அடுப்பை மட்டும் பற்ற வைக்காதீர்கள். லைவ் ராக்கில் பட்டன் போல ஒட்டியிருக்கும் சோவாந்திட் வகை உயிர்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. கொதிக்கும்போது அது ஆவியோடு கலந்து மூச்சுக்குள் போய்விடும். கொதிக்க வைக்காமலே ஆபத்து வந்திருக்கிறது. 2018இல் இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் ஸ்டீவன்டன் கிராமத்தில், ஒரு வீட்டில் தொட்டியிலிருந்து பவளத்தை எடுத்தபோது பரவிய நஞ்சால் அந்தக் குடும்பத்தினரும் உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர்களுமாகப் பத்துப் பேர் மருத்துவமனைக்குப் போக வேண்டியதாயிற்று. கல்லைத் தொடும்போது கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம்.

சரி, சத்தத்துக்கு வருவோம். இரண்டு பேர்மேல்தான் சந்தேகம்: மான்டிஸ் இறால், பிஸ்டல் இறால். காதால் மட்டும் பிரித்தறிய முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், நானே ஏமாந்திருக்கிறேன். நத்தை ஓட்டைத் தேடுங்கள். ஓடு முழுசாக, காலியாகக் கிடந்தால் நத்தை தானாகச் செத்திருக்கலாம், நண்டு தின்றிருக்கலாம். சில்லு சில்லாக உடைந்து ஒரு பொந்தின் வாசலில் குவிந்திருந்தால் மான்டிஸ்தான். புளோரிடாக் கல்லோடு அடிக்கடி வருவது நியோகோனோடாக்டைலஸ் வென்னரே என்ற சிறு இனம், விரல் நீளம்கூட இருக்காது. இந்த வகையைத் தேட ராத்திரி கண்விழிக்க வேண்டாம். இவை பகலில் நடமாடும், இரவில் பொந்தின் வாசலைக் கல்துண்டுகளால் அடைத்துக்கொண்டு உள்ளே படுத்துவிடும். பகலில் ஒரு அரைமணி நேரம் அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். காம்பின் மேல் தனித்தனியே சுழலும் இரண்டு கண்கள், கும்பிடுபூச்சி போல மார்புக்கடியில் மடித்த கைகள் தெரிந்தால் சந்தேகமே இல்லை.

பிஸ்டல் இறாலுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்புக்குப் பொருந்தாமல் பெரிதாக இருக்கும். அதைச் சொடுக்கும்போது உண்டாகும் நீர்க்குமிழி உடைவதுதான் அந்தச் சத்தம். பெரும்பாலும் சாது, இருந்துவிட்டுப் போகட்டும்.

மான்டிஸ் என்றால் எந்தக் கல் என்று உறுதி செய்துகொண்டு அதை மட்டும் வெளியே எடுத்து வாளிக்கு மேல் பிடியுங்கள். சுவையூட்டாத சோடாவைச் சிரிஞ்சில் எடுத்துப் பொந்துக்குள் அடித்தால் பெரும்பாலும் வெளியே குதித்துவிடும். தொட்டிக்குள் வைத்து இதைச் செய்யாதீர்கள். கையாலும் பிடிக்காதீர்கள், அமெரிக்க மீனவர்கள் இதற்கு 'கட்டைவிரல் பிளப்பான்' என்று சும்மா பெயர் வைக்கவில்லை. தொட்டிக் கண்ணாடியை உடைத்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். அந்தக் கதையெல்லாம் பெரிய பீகாக் மான்டிஸைப் பற்றியது. கொல்லவும் தேவையில்லை. பத்து கேலன் தொட்டி ஒன்று தனியாக இருந்தால் அதைவிடச் சுவாரசியமான வளர்ப்புப் பிராணி இல்லை என்பது என் கருத்து.

பழுப்புப் பூவில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். நீளமான காம்பு, ஊடுருவித் தெரியும் உடல், கூர்மையாக முடியும் மெல்லிய இழைகள், குச்சியால் தொட்டதும் பொந்துக்குள் இழுத்துக்கொள்ளும் வேகம் எல்லாம் இருந்தால் ஐப்டேசியா, கடல் சாமந்தியில் களைச்செடி மாதிரி. ஆனால் மெக்ஸிகோ வளைகுடாக் கல்லில் கிண்ணப் பவளங்களும் இதே பழுப்பில் வரும். அது சுருங்கும்போது அடியில் பாருங்கள். கெட்டியான வெள்ளைக் கிண்ணம் தெரிந்தால் காசு கொடுக்காமல் கிடைத்த பவளம், தொடாதீர்கள்.

ஐப்டேசியாதான் என்றால் கிள்ளாதீர்கள், சுரண்டாதீர்கள். கல்லில் ஒட்டி நிற்கும் சிறு துணுக்குகூடப் புதிதாக முளைத்துவிடும். கால்க்வாசர் (கால்சியம் ஹைட்ராக்சைடு) பொடியைப் பசை பதத்தில் குழைத்து, பம்பை நிறுத்திவிட்டு, சிரிஞ்சால் அதன் வாயில் வையுங்கள். நீரின் பிஎச் ஏறும் என்பதால் ஒரு நாளில் இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம். (வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பும் அதே கால்சியம் ஹைட்ராக்சைடுதானே என்று கேட்பீர்கள். அதில் வேறு என்ன கலந்திருக்கிறதோ, தொட்டிக்கு வேண்டாம்.) பெப்பர்மின்ட் இறாலும் ஐப்டேசியாவைத் தின்னும், எல்லாம் தின்னும் என்று உத்தரவாதம் இல்லை. வாங்கும்போது கவனம்: அதைப் போலவே இருக்கும் கேமல் இறாலைக் கொடுத்துவிட்டால் அது பவளத்தையே மேயும்.

அப்புறம் அந்த ரோமப் புழு. அநேகமாகச் சாதாரண பிரிஸில் புழு, மிச்சத் தீனியைத் தின்று மணலைச் சுத்தம் செய்யும் தோட்டி. நிறையப் பெருகினால் நீங்கள் தீனி அதிகமாகப் போடுகிறீர்கள் என்று அர்த்தம். முள் தைத்தால் செலோ டேப்பை ஒட்டி உரித்தெடுங்கள். விதிவிலக்காக, தடித்த உடம்பில் வெள்ளை ரோமக் கொத்துகளும் பக்கவாட்டில் ஆரஞ்சு-சிவப்புச் செவுள்களும் தெரிந்தால் அது தாடி நெருப்புப் புழு. பவளக் கிளைகளின் நுனியைத் தின்னும், இடுக்கியால் எடுத்துவிடுங்கள். தலையில் ஐந்து உணர்கொம்பும் வானவில் பளபளப்பும் இருந்தால் யூனிசிட் புழு. 2009இல் இங்கிலாந்தின் நியூகீ நகரக் காட்சியகம் ஒன்றில் பவளங்கள் மர்மமாகச் சிதைந்து கொண்டிருந்தன. தொட்டியைப் பிரித்துப் பார்த்தபோது சுமார் நான்கடி நீளத்தில் இந்த ஜாதி ஒன்று அகப்பட்டது!

கல்லைத் தூக்கிப் பிடித்த வாளியில் குட்டி இறால், சிறு பூச்சி என்று நிறைய உதிர்ந்திருக்கும். சாக்கடையில் கொட்டிவிடாதீர்கள். மான்டிஸை மட்டும் பிரித்துவிட்டு, சோடா கலந்த தண்ணீரைச் சல்லடையில் வடித்து, மிச்ச உயிர்களைத் தொட்டித் தண்ணீரில் அலசி சம்பில் (பெரிய தொட்டியோடு இணைந்த வடிகட்டும் சிறு தொட்டி) விடுங்கள்.