பிடிபட்டவன் ஏன் வெளியே வந்தான்?

வணக்கம் சார்,

போன மார்கழியில் என் அக்கா காட்பாடியில் கோயிலுக்குப் போய்விட்டு நடந்து வரும்போது, பைக்கில் வந்த இரண்டு பேர் அவர் தாலிச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கழுத்தில் காயம், கீழே இழுத்துத் தள்ளியதில் முழங்கையில் எலும்பு விரிசல். சிசிடிவி பார்த்து ஒருவனைப் பிடித்தார்கள், இன்னொருவன் கிடைக்கவில்லை. சங்கிலியை அடகுக்கடையில் இருந்து மீட்டு கோர்ட்டில் ஒப்படைத்துவிட்டதாகச் சொல்கிறார்கள். பிடிபட்டவன் ஒன்றரை மாதத்தில் ஜாமீனில் வந்துவிட்டான். பஸ் ஸ்டாப்பில் அவனைப் பார்த்ததில் இருந்து அக்கா தனியாக வெளியே போவதையே விட்டுவிட்டார். நீங்கள் எப்போதும் கைதிகளின் உரிமையைப் பற்றி எழுதுகிறீர்கள். அக்காவுக்கு என்ன உரிமை இருக்கிறது? இவனை மாதிரி ஆட்களை அங்கேயே கையை உடைத்துவிட்டால், இல்லை என்கவுன்டரில் போட்டால், அடுத்தவன் செய்வானா? சட்டம் யாருக்காக இருக்கிறது?

ர., குடியாத்தம்

அன்புள்ள ர.,

அக்கா தனியாக வெளியே போவதை விட்டுவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் தாண்ட எனக்கு நேரமானது. முழங்கை சேர்ந்துவிடும், சங்கிலியும் வந்துவிடும், ஆனால் சொந்தத் தெருவில் நடக்கிற தைரியம் போனதற்கு எந்தப் பிரிவிலும் தனியாக ஒரு தண்டனை எழுதி வைக்கவில்லை. உங்கள் கோபத்தில் ஒரு தப்பும் இல்லை.

முதலில் ஜாமீன். அவன் வெளியே வந்திருக்கிறான், விடுதலை ஆகவில்லை. தீர்ப்புக்கு முன்னால் ஒருவனை உள்ளே வைப்பதற்குக் காரணங்கள் கொஞ்சம்தான்: ஓடிவிடுவான், சாட்சியை மிரட்டுவான், தடயத்தை அழிப்பான், மறுபடியும் செய்வான். தண்டனை என்பது குற்றம் நிரூபணமான பிறகு வருவது. நிரூபிக்கும் முன்பே தண்டிக்கலாம் என்று ஒரு தடவை ஒத்துக்கொண்டால், அப்புறம் யாரை வேண்டுமானாலும் பிடித்து வைத்துக்கொண்டு விசாரணையை மறந்துவிடலாம். அது நடக்கவும் நடக்கிறது. 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 76 பேர் விசாரணைக் கைதிகள். தொரப்பாடி ஜெயிலைத் தாண்டிப் போகிறபோதெல்லாம் எனக்கு இந்தக் கணக்கு நினைவுக்கு வரும்.

சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்தில் ஒரு நாள் ஒரு அம்மாவைப் பார்த்தேன். மகனுக்கு ஜாமீன் கிடைத்துப் பல நாள் ஆகிவிட்டது, ஆனால் ஜாமீன்தாரர் இரண்டு பேர் வேண்டும். மஞ்சள் பையில் இருந்து ரேஷன் கார்டு, ஆதார், வீட்டு வரி ரசீது என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். ரசீது இறந்துபோன கணவர் பெயரில் இருந்தது, அதனால் வாங்க மாட்டோம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பையன் மேல் இருந்தது சாதாரணத் திருட்டு வழக்கு. ஜாமீன் உத்தரவு வந்து ஏழு நாளாகியும் ஒருவர் வெளியே போகவில்லை என்றால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் சொல்லியிருக்கிறது. அந்த அம்மாவிடம் அதைச் சொல்ல அங்கே யாருமில்லை. கைதிகளின் உரிமை என்று நான் எழுதுவதெல்லாம் பெரும்பாலும் இந்த மாதிரி ஆட்களைப் பற்றித்தான். வசதி உள்ளவனுக்கு என் எழுத்து தேவையே இல்லை, அவனுக்கு வக்கீல் இருக்கிறார்.

இனி கையை உடைப்பது, என்கவுன்டர். 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனவர்கள் என்று இருபது பேரை ஆந்திர போலீஸ் சுட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அதில் பலர் திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர்கள், அதாவது 1989 வரை நம் வட ஆற்காட்டுக்குள் இருந்த பகுதி. கல்லாலும் கோடாலியாலும் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். பிடித்துக்கொண்டு போய்ச் சுட்டார்கள் என்று மனித உரிமை அமைப்புகள் குற்றம் சாட்டின. எப்படி இருந்தாலும் அந்த இருபது பேரை எந்தக் கோர்ட்டும் குற்றவாளி என்று சொன்னதில்லை. மரம் வெட்டியதற்குச் சட்டத்தில் இருப்பது ஜெயில், மரணம் இல்லை. சரி, அதோடு பயம் வந்து நின்றுவிட்டதா? அதற்குப் பிறகும் கூலிக்குப் போகிறவர்கள் போனார்கள், கைதுகளும் தொடர்ந்தன.

செய்கிறவன் தண்டனையின் அளவைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் போவதில்லை, மாட்டுவோமா மாட்ட மாட்டோமா என்றுதான் பார்க்கிறான். சங்கிலிப் பறிப்புக்கென்று பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் தனிப் பிரிவே கிடையாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 304-ஆவது பிரிவாக அது வந்திருக்கிறது, மூன்று ஆண்டு வரை சிறை. காயப்படுத்திப் பறித்தால் அது 309-ஆவது பிரிவில் கொள்ளையாகி, ஆயுள் தண்டனை வரைக்கும் போகும். அக்காவுக்கு எலும்பு விரிசல் என்கிறீர்கள், எஃப்ஐஆரில் எந்தப் பிரிவு போட்டிருக்கிறார்கள் என்று இன்றைக்கே பாருங்கள். ஆனால் மூன்றை முப்பதாக்கினாலும், வழக்கு ஆறு வருஷம் வாய்தாவில் இழுத்து சாட்சி வராமல் தள்ளுபடியானால் அவனுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. நீங்கள் கோபப்பட வேண்டிய இடம் அதுதான் என்று நினைக்கிறேன்.

சட்டம் யாருக்காக என்று கேட்டீர்கள். ஒருவன் உங்கள் வீட்டில் கைவைத்தால் நீங்கள் அரிவாளோடு போக வேண்டியதில்லை, அந்த வேலையை அரசு எடுத்துக்கொள்ளும் என்பதுதான் இதன் அடிப்படை ஏற்பாடு. அதனால்தான் அக்காவின் வழக்கில் ஒரு பக்கம் அரசு, மறுபக்கம் அவன், அக்கா சாட்சி மட்டும். இவ்வளவு பெரிய அதிகாரத்தைக் கொடுத்த பிறகு அதற்குக் கடிவாளமும் போட வேண்டியிருக்கிறது: செய்த அன்றைக்குக் குற்றமாக இல்லாத காரியத்துக்குத் தண்டிக்கக் கூடாது, ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை தண்டிக்கக் கூடாது, தனக்கு எதிராகவே சாட்சி சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. அரசியல் சாசனத்தின் 20-ஆவது பிரிவு சொல்வது இதைத்தான். அப்புறம் மனசு, அதாவது செய்தவன் என்ன எண்ணத்தோடு செய்தான் என்பது. காட்பாடி ஜங்ஷனில் அவசரத்தில் தன் பை என்று நினைத்து அடுத்தவர் பையை எடுத்துக்கொண்டு இறங்கினால் அது திருட்டு ஆகாது. சங்கிலியை வாங்கிய அடகுக்கடைக்காரர் விஷயத்திலும் இதேதான் கேள்வி, திருட்டு நகை என்று தெரிந்தோ, தெரிந்துகொள்ளக் காரணம் இருந்தோ வாங்கினாரா என்பது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டாவது ஆள் இன்னும் கிடைக்கவில்லை. நம் பக்கத்தில் கைரேகைச் சட்டம் என்று பெரியவர்கள் சொல்வார்கள், குற்றப் பரம்பரைச் சட்டம். 1911-ல் மதராஸ் மாகாணத்துக்கும் நீட்டினார்கள். குறிப்பிட்ட சமூகத்தில் பிறந்ததற்காகவே மனிதர்களின் ரேகையைப் பதிந்து வைத்து, ராத்திரியில் ஸ்டேஷனில் வந்து படுக்கச் சொன்னார்கள். இங்கே 1947-லும் நாடு முழுக்க 1952-லும் அது ஒழிந்தது, ஆனால் பழக்கம் ஒழியவில்லை. வழக்கை முடிக்க வேண்டும் என்ற நெருக்கடியில், கைக்கு அகப்பட்ட ஏழை ஒருவனை ‘இவன் பழைய ஆள்’ என்று சேர்த்துவிடுவது இன்றும் நடக்கிறது. அப்படி ஒருவன் உள்ளே போனால் அக்காவின் சங்கிலியை அறுத்தவன் வெளியிலேயே இருப்பான்.

ஆகவே இரண்டாவது ஆளைப் பிடித்ததாகச் சொல்லி போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினாலோ, ஸ்டேஷனுக்கு வந்து பார்க்கச் சொன்னாலோ அக்கா ஒத்துக்கொள்ள வேண்டாம். மாஜிஸ்திரேட் முன்னால் நடக்கும் அடையாள அணிவகுப்பில்தான் முதலில் பார்க்க வேண்டும். முன்பே காட்டிவிட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைச் சுலபமாக உடைத்துவிடுவார்.

சங்கிலிக்கு வழக்கு முடியும் வரை காத்திருக்கத் தேவையில்லை. போட்டோ எடுத்து, எடை குறித்து, பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு நகையை உரியவரிடம் திருப்பிக் கொடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. வழக்கு நடக்கும் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு போடுங்கள். நகை வாங்கிய ரசீதோ, அதைப் போட்டிருக்கும் கல்யாண போட்டோவோ இருந்தால் எடுத்து வையுங்கள். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் பாதிக்கப்பட்டவருக்கு போலீஸ் தெரிவிக்க வேண்டும் என்பது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 193-ஆவது பிரிவு. மார்கழியில் நடந்தது என்கிறீர்கள், அப்படி ஏதாவது தகவல் வந்ததா? வரவில்லை என்றால் எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

அவன் பஸ் ஸ்டாப்பில் சும்மா நின்றால் ஒன்றும் செய்ய முடியாது. பக்கத்தில் வந்து ஒரு வார்த்தை மிரட்டினாலோ, பின்தொடர்ந்தாலோ, தேதி, நேரம், இடம் குறித்து அன்றைக்கே புகார் கொடுங்கள். ஜாமீனை ரத்து செய்யச் சொல்லி அரசு வக்கீல் மனு போட அது போதும். சம்மன் வருகிற அன்று அக்காவோடு நீங்களும் போங்கள். முதல் வாய்தாவில் திருப்பி அனுப்பினாலும் அடுத்ததற்குப் போங்கள்.